அகப்பக்கத்தைப் புதுப்பிக்கும் முன் அலுவலகத் தொலைபேசியைக் கேளுங்கள்

மலேசியத் தோட்டப்புற நகரங்களில் ஆலய அகப்பக்கத்தை (இணையதளத்தை) மாற்றும் பேச்சு பெரும்பாலும் ஆண்டுக்கூட்டத்தில்தான் கிளம்பும். "நம்ம பக்கம் ரொம்பப் பழசு, மத்த கோவில்காரங்க எப்படி வெச்சிருக்காங்க பாருங்க" என்று யாராவது எழுந்து சொல்வார். உடனே ஒரு துணைக்குழு அமையும். மூன்று விலைப்பட்டியல் வரும். முகப்பில் கோபுரப் படம் ஓடவேண்டுமா, நிற்கவேண்டுமா என்பதிலேயே இரண்டு கூட்டம் போய்விடும். கடைசியில் புதுப் பக்கம் வந்துவிடும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். மண்டபம் எந்தத் தேதியில் காலி என்று கேட்க மட்டும் மக்கள் அப்போதும் அலுவலகத்துக்கே அழைப்பார்கள்.

அதனால் திட்டத்தை அந்தத் தொலைபேசியிலிருந்தே தொடங்கவேண்டும் என்பேன். அலுவலக மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். நான்கு வாரத்துக்கு, வருகிற ஒவ்வோர் அழைப்புக்கும் புலனச் (வாட்ஸ்அப்) செய்திக்கும் நான்கு விவரம் எழுதவேண்டும்: தேதி, எங்கிருந்து கேட்கிறார், என்ன கேட்டார், பதிலைக் கடைசியில் யார் சொன்னார். ஆலயத்தில் முழுநேரக் கிராணி (எழுத்தர்) இருந்தால் அவர் எழுதுவார். இல்லையென்றால் மாலையில் அலுவலகம் திறப்பவர் எழுதலாம். திருவிழாவுக்கு முந்திய இரண்டு வாரமாவது இந்தக் கணக்கில் வரவேண்டும், சாதாரண வாரங்களும் வரவேண்டும். இரண்டிலும் கேள்விகளே வேறு.

நோட்டு நிரம்பியதும் தெரியும், மக்கள் கேட்பது பத்துப் பன்னிரண்டு விஷயம்தான். மண்டப வாடகை, மண்டபத் தேதி, நடை திறக்கும் நேரம், திருவிழா எந்த நாள், உபயம் எவ்வளவு, பால்குடத்துக்கு எங்கே பெயர் கொடுப்பது, ஆலயத்தில் திருமணத் துணைப் பதிவதிகாரி இருக்கிறாரா, பதிவுத் திருமணம் செய்ய முடியுமா, மரண சகாய நிதியில் எப்படிச் சேருவது. தலைவரின் வாழ்த்துரையைக் கேட்டு யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். பழைய அகப்பக்கங்களில் முதலில் நிற்பது அதுதான்.

"எங்கிருந்து" என்ற இரண்டாவது விவரத்தைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும். ரப்பர்ப் பால் மரத்தை வெட்டிச் செம்பனை வைத்ததிலும், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதிலும், தொழிலாளர் லயங்களை இடித்து வீடமைப்புத் திட்டம் கொண்டுவந்ததிலும் சனங்கள் கிள்ளான், ஷா ஆலாம், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று சிதறிவிட்டார்கள். ஊர்க் கோவில் திருவிழாவுக்கு மட்டும் வருகிறார்கள். ஆக, அகப்பக்கத்தைப் படிப்பவர்கள் இரண்டு வகை. ஊரில் இருப்பவருக்கு மண்டபமும் பூசை நேரமும் வேண்டும். வெளியூர்க்காரருக்குத் தேதி, வழி, கார் நிறுத்துமிடம், எந்த உபயம் இன்னும் காலி என்பது வேண்டும். முகப்புப் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வாசல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் கீழே போகலாம்.

பதிலை யார் சொன்னார் என்ற நான்காவது விவரத்துக்கு வேறொரு வேலை இருக்கிறது. உபயத்தைப் பற்றிக் கேட்டால் எப்போதும் பொருளாளர்தான் பதில் சொல்கிறார் என்றால், உபயப் பக்கத்துக்கு அவரே பொறுப்பு. பொறுப்பாளர் பெயர் எழுத முடியாத பக்கத்தைப் புதுத் தளத்தில் சேர்க்காதீர்கள். "இளைஞர் பகுதி" என்று ஒரு பக்கம் திறந்துவிட்டு, அதில் ஒரே ஒரு விளையாட்டுப் போட்டிப் படத்தோடு ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பதைவிட அந்தப் பக்கம் இல்லாமலே இருக்கலாம்.

அடுத்தது இருப்புக் கணக்கு. பழைய தளத்தில் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும், ஒவ்வொரு பிடிஎஃப் கோப்பையும் ஒரு விரிதாளில் வரிசையாகப் பதியுங்கள்: முகவரி, தலைப்பு, கடைசியாக மாற்றிய நாள், மொழி, பொறுப்பாளர், முடிவு. முடிவு என்ற கட்டத்தில் நான்கு சொல் போதும்: வைக்க, திருத்த, இணைக்க, நீக்க. எந்தப் பக்கத்துக்கு ஆள் வருகிறது என்று பார்க்கப் போனால் ஓர் இடைஞ்சல் வரும். கூகுளின் பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் கணக்கெடுப்பதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு யாரும் கவனிக்காத தளங்களில் எண்களே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் கூகுளின் சர்ச் கன்சோலைப் பாருங்கள். எந்தச் சொல்லைத் தேடி மக்கள் உள்ளே வந்தார்கள் என்பதை 16 மாதம் வரைக்கும் அது காட்டும். அதிலும் தளம் பதியப்படவில்லை என்றால் இன்றைக்கே பதிந்துவிடுங்கள். தளத்தை மாற்றிய பிறகு பதிந்தால் முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது.

தேடிய சொற்களில் ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். பெஸ்தாரி ஜெயாவை விட்டு எப்போதோ போனவர் இன்னும் அதன் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் தேடுவார். தோட்டங்களுக்கு அரசாங்கப் பதிவில் ஒரு பெயர், நம் ஆட்கள் வாயில் வேறொரு பெயர். தொடர்புப் பக்கத்திலும் வரலாற்றுப் பக்கத்திலும் எல்லாப் பெயர்களையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்து எழுதிவிடுங்கள்.

இனி சாவி விவகாரம். பணம் பேசுவதற்கு முன்னாலேயே இதை முடிக்கவேண்டும். டொமேன், அதாவது தளத்தின் இணையப் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்த மின்னஞ்சலுக்குப் புதுப்பிப்பு அறிவிப்பு போகிறது என்று பாருங்கள். முன்னாள் செயலாளரின் சொந்த மின்னஞ்சலாக இருப்பது மிகச் சாதாரணம். டாட் ஓஆர்ஜி டாட் மை (.org.my) என்று முடியும் பெயர்களை நிர்வகிப்பது மைனிக் என்ற அமைப்பு. பெயரை விற்கும் முகவர் வேறு, சேவையகத்தை வாடகைக்கு விடுபவர் வேறு. மூன்றையும் குழப்பிக்கொண்டு "டிசைனர் எல்லாம் பாத்துக்குவாரு" என்று விட்டால், டிசைனர் தொழிலை மாற்றிக்கொண்டு போன நாளில் ஆலயத்தின் பெயரே கையை விட்டுப் போகும். சங்கத்தின் பெயரில், சங்கப் பதிவிலாகாவின் பதிவுக் கடிதத்தோடு, இரண்டு பொறுப்பாளர்கள் திறக்கக்கூடிய ஒரு பொது மின்னஞ்சலுக்கு முதலில் மாற்றுங்கள். இதற்குக் கடிதம், கையெழுத்து, அடையாளச் சான்று என்று நாள் பிடிக்கும். கட்டுமான வேலையோடு சேர்த்துச் செய்யலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

தமிழ் எழுத்துதான் இந்த வேலையில் அதிகம் சிக்கல் தரும் இடம். விலைப்பட்டியல் எதிலும் இதைப் பார்க்க முடியாது.

பழைய தளத்திலோ, வெள்ளிவிழா மலரின் கோப்புகளிலோ இருக்கும் தமிழ் ஒருங்குறியில் (யூனிகோடில்) இல்லாமல் இருக்கலாம். மலேசியாவில் முரசு அஞ்சல் என்ற தமிழ் எழுது மென்பொருள் பரவலாக இருந்ததால் டிஸ்கி என்ற பழைய குறியீட்டில் எழுதியவை நிறைய. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவை பாமினி என்ற எழுத்துருவில் இருக்கலாம். இரண்டையும் மாற்றக் கருவிகள் உண்டு, ஆனால் மாற்றும்போது கெடும் விதம் வேறு வேறு. டிஸ்கியில் ஆங்கில எழுத்துகள் அவற்றின் இடத்திலேயே இருக்கும், தமிழ் குறியீட்டு அட்டவணையின் மேல்பாதியில் உட்காரும். அதனால் ஆங்கிலம் கலந்த பத்தியும் தப்பித்துவிடும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருக்கிறது. மொத்தப் பத்தியையும் மாற்றும் கருவியில் போட்டால் நடுவில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியும் ஆங்கிலப் பெயர்களும் அர்த்தமில்லாத தமிழாக வந்து விழும். பாமினிக் கோப்பை மாற்றும் முன் ஆங்கிலப் பகுதிகளைத் தனியாக வெட்டி எடுத்து வையுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. பழைய குறியீடுகளில் "கொ" என்பதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்றாக அடிப்பார்கள். ஒருங்குறியில் க முதலில், பிறகு ஒகரக் குறி ஒன்று. மட்டமான மாற்றும் கருவி கொம்பையும் காலையும் க-வுக்குப் பின்னால் தனித்தனியாக வைத்துவிடும். திரையில் அதுவும் "கொ"தான். ஆனால் தளத்தின் தேடுபெட்டியில் "கொடியேற்றம்" என்று போட்டால் கிடைக்காமல் போகலாம். மாற்றி முடித்ததும் எல்லாப் பத்திகளையும் என்எஃப்சி என்ற ஒரே சீர்வடிவத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தெரிந்தவருக்கு அது ஒரு வரி நிரல்.

ஆலயங்களுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: ஸ்ரீ. இதை ஸ-வோடும் எழுதலாம், 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶ-வோடும் எழுதலாம். இரண்டும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம். ஆலயத்தின் பெயரே ஸ்ரீ என்று தொடங்கும்போது, ஒரு பக்கத்தில் இது, இன்னொரு பக்கத்தில் அது என்று இருந்தால் ஒரே பெயரைத் தேடி ஒரு பாதிதான் கிடைக்கும். ஸ-வை வைத்துக்கொள்ளுங்கள், பலரும் அடிப்பது அதைத்தான்.

தலைப்பைத் தமிழில் போட்டால் பக்கத்தின் முகவரியும் தமிழில் உருவாகும், அங்கேயும் ஒரு பொறி. தமிழ் எழுத்தும், அதோடு சேரும் கால், கொம்பு, புள்ளி போன்றவையும் தனித்தனிக் குறிகள். இணையத்தில் வழங்கும் யுடிஎஃப்-8 ஒருங்குறி வடிவில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியில் ஒரு பைட்டுக்குச் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து ஆகும். ஆக, ஒரு குறிக்கு ஒன்பது. "கும்பாபிஷேகம்" என்ற சொல்லில் 13 குறிகள். புலனத்தில் ஒட்டும்போது அது 117 எழுத்துச் சங்கிலியாக நீளக்கூடும். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இந்தச் சங்கிலியை 200 எழுத்தோடு வெட்டிவிடும், அதாவது ஏறக்குறைய 22 குறிகள்தான் தங்கும். நீளமான, ஒரே மாதிரி தொடங்கும் தலைப்புகள் இரண்டு இருந்தால் முகவரிகள் ஒன்றுபோல வெட்டுப்பட்டு, இரண்டாவதற்குப் பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில், சிறியதாக, கையால் எழுதுங்கள்.

தரவுத்தளத்தை ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போதும் தமிழ் உடையும். பழைய தளம் தமிழை லத்தீன்-1 என்று, ஐரோப்பிய மொழிகளுக்கான குறியீட்டின் பெயரிட்ட பெட்டியில் வைத்திருந்தால், புதிய இடத்தில் திறந்ததும் எல்லாம் தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்தாகத் தெரியும். உடனே பதறி அதன்மேல் திருத்தத் தொடங்கினால் மீட்பதும் கடினமாகும். முதலில் ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்திப் பாருங்கள், சரியாக வந்த பிறகு மொத்தத்தையும் நகர்த்தலாம்.

எழுத்து சரியானதும் திரைக்கு வரலாம். தமிழ்ச் சொற்கள் நீளம். "விண்ணப்பப்படிவம்" என்று எழுதிய பொத்தான் 360 புள்ளி அகலமுள்ள மலிவான கைப்பேசியில் தன் இடத்துக்குள் அடங்காமல் போகலாம். வடிவமைப்பாளர் ஆங்கில மாதிரி வாசகத்தை வைத்து வரைந்திருந்தால் இது கடைசி வாரம்வரை தெரியாது. மாதிரியிலேயே உண்மையான தமிழ் வாசகத்தைப் போடச் சொல்லுங்கள். வரி உயரம் எழுத்தளவைப் போல 1.6 மடங்காவது இருந்தால்தான் மேல்வரியின் உகரக் கொக்கியும் கீழ்வரியின் இகரச் சுழியும் மோதாது. இரண்டு பக்க ஓரமும் நேராக இருக்கவேண்டும் என்று வரியை இழுத்துக் கட்டினால் நீளச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும். சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்தாது. அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்து.

படங்கள் வேறு கதை. கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 4 எம்பி என்றால், தீமிதிப் படம் நாற்பதை அப்படியே ஏற்றிய பக்கம் 160 எம்பி. நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. டவுனில் வேகம் நன்றாக இருக்கும், தோட்டத்து உள் டிவிஷனில் ஒரு கோடுதான் காட்டும். அகலத்தை 1600 புள்ளிக்குக் குறைத்துச் சுருக்கினால் ஒரு படம் 250 கேபிக்குள் அடங்கும், நாற்பதும் சேர்ந்து 10 எம்பிதான். மூலப் படங்களைத் தனி வன்தட்டில் வையுங்கள். அகப்பக்கத்தை ஆவணக்கூடமாக நினைக்கக் கூடாது. முகப்பில் ஓடும் படங்களைப் பற்றி என் கருத்து ஒரே வரி: வேண்டாம்.

அறிவிப்புகளைப் பேனர் படமாகவே ஏற்றும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. முகநூலுக்கு அது சரி. அகப்பக்கத்தில் படத்துக்குள் இருக்கும் தேதியைத் தேடுபொறி சரியாகப் பிடிக்கும் என்று நம்ப முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் தடுமாறும். மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்க்கும் பெரியவருக்கு அதைப் பெரிதாக்கினாலும் மங்கலாகத் தெரியலாம். பேனர் இருக்கட்டும், அதன் கீழே தேதி, கிழமை, நேரம், இடம் நான்கையும் எழுத்தில் போடுங்கள். ஆண்டையும் சேர்த்து எழுதவேண்டும். ஆண்டில்லாத தேதி அடுத்த வருடமும் புலனத்தில் சுற்றும், யாராவது தப்பான நாளில் பால்குடத்தோடு வந்து நிற்பார்.

திருவிழாவுக்கு ஒரே ஒரு நிரந்தர முகவரி வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வோர் ஆண்டும் அதே பக்கத்தில் புது விவரத்தை எழுதி, போன ஆண்டுப் படங்களை ஆண்டெண்ணோடு தனிப்பக்கத்துக்கு நகர்த்துங்கள். அழைப்பிதழில் அச்சிட்ட கியூஆர் எந்த வருடம் ஸ்கேன் செய்தாலும் சரியான இடத்துக்குப் போகும்.

மண்டபப் பக்கத்தில்தான் நோட்டுக் கேள்விகளில் பெரும்பகுதி தீரும், அங்கே வஞ்சகமில்லாமல் எழுதவேண்டும். சாப்பாட்டு மேசை போட்டால் எத்தனை பேர், வெறும் நாற்காலி என்றால் எத்தனை பேர், வாடகை எத்தனை வெள்ளி, முன்பணம் எவ்வளவு, நிகழ்ச்சி ரத்தானால் எவ்வளவு திரும்பும், குளிர்சாதனம் எத்தனை மணி நேரம், சமையல்கூடத்தில் கேஸ் யார் கொண்டுவருவது, சைவம் மட்டுமா, முந்திய நாள் மாலை அலங்காரத்துக்குத் திறப்பார்களா, குப்பை யார் அள்ளுவது. "மேல்விவரங்களுக்கு அலுவலகத்தை அழைக்கவும்" என்று முடித்தால் பக்கம் எழுதியும் எழுதாததும் ஒன்று. தேதியை நேரடியாகப் பதிவு செய்யும் வசதியைப் பல விற்பனையாளர்கள் காட்டி மயக்குவார்கள். மேசையில் பதிவுப் புத்தகம், இணையத்தில் நாள்காட்டி என்று இரண்டு இருந்தால் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணம் பதிவாகும். புத்தகத்தை மூடிவிட முடிந்தால் மட்டும் அந்த வசதியை வாங்குங்கள். அதுவரைக்கும், ஒருவரே வாரம் ஒருமுறை திருத்தும் "காலி நாட்கள்" பட்டியலும், கடைசியாகத் திருத்திய தேதியும் போதும்.

அதே பக்கத்தில் அடையாள அட்டைப் பிரதியைப் படிவத்தில் ஏற்றச் சொல்லாதீர்கள். அது பொது மின்னஞ்சல் பெட்டியில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளைப் பற்றியது; மண்டபத்தை வாடகைக்கு விடும் சங்கம் அது நமக்கில்லை என்று இருந்துவிட முடியாது. உபயக்காரர் பட்டியலில் பெயர் போடலாம், கைப்பேசி எண்ணும் நட்சத்திரமும் எதற்கு?

நன்கொடைக்கு, வங்கிச் செயலியில் பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆர் போடும்போது படத்தை மட்டும் போட்டால் போதாது. ஸ்கேன் செய்ததும் வங்கிச் செயலியில் என்ன பெயர் வரவேண்டும் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்: "இந்தப் பெயர் வராவிட்டால் பணம் அனுப்பாதீர்கள்". தளத்துக்குள் யாராவது புகுந்து படத்தை மாற்றினாலும், அடுத்தவர் தன் கியூஆரைப் புலனத்தில் பரப்பினாலும் பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். தனிநபர் கணக்கு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். வருமானவரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரக் கடிதம் கையில் இருந்தால் மட்டும் வரிக்கழிவு என்ற பேச்சை எடுங்கள்.

மும்மொழி வேண்டுமா என்ற சண்டை கட்டாயம் வரும். எல்லாப் பக்கமும் மூன்று மொழியில் என்றால் ஒரு திருத்தத்தை மூன்று தடவை செய்யவேண்டும், யாரும் செய்யமாட்டார்கள். மண்டபம், தொடர்பு, திருவிழாத் தேதி மூன்றையும் தமிழ், மலாய், ஆங்கிலத்தில் வையுங்கள். மாநகர், மாவட்ட அலுவலகத்தார் படிப்பதும், தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பேரப்பிள்ளைகள் படிப்பதும் இவற்றைத்தான். வரலாறும் பூசை விளக்கமும் தமிழில் இருக்கட்டும். மொழிபெயர்க்காத பக்கத்தில் மொழிப் பொத்தானைக் காட்டவேண்டாம்.

அகப்பக்கத்தைவிடக் கூகுள் வரைபடத்தில் ஆலயத்தைத் தேடுபவர்கள் அதிகமாக இருக்கலாம். தோட்டத்திலிருந்து டவுனுக்கு இடம்மாறிய கோவில் என்றால் புள்ளி இன்னும் பழைய இடத்தில், செம்பனைக்கு நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். சங்கத்தின் மின்னஞ்சலால் அந்தப் பக்கத்தை உரிமைகோரி, நண்பகல் நடை சாத்தும் நேரத்தையும் சரியாகப் போடுங்கள்.

மாற்றும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் குறிக்கவேண்டும், நல்ல நேரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பவர்கள் குறைவு, மண்டப அழைப்புகளும் குறையும். மாரியம்மன் கோவிலுக்கு ஆடியில் தலைக்குமேல் வேலை. மார்கழி முதல் வாரம் தோதான காலம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் கோவில் என்றால் தீபாவளி கழிந்த மறுவாரமே முடித்துவிடுவது மேல்.

மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே, தளப் பெயரைச் சேவையகத்தோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் அளவை, அதாவது பிற கணினிகள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 86,400 வினாடியிலிருந்து 300-க்குக் குறைக்கச் சொல்லுங்கள். தவறு நடந்தால் ஐந்தே நிமிடத்தில் பழைய தளத்துக்குத் திரும்ப அதுதான் வழி. இந்தப் பதிவுகள் இருக்கும் நேம்சர்வரையே மாற்றுவதாக இருந்தால், மின்னஞ்சல் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளைப் புது இடத்தில் முன்கூட்டியே எழுதவேண்டும். அதை மறந்த தளங்களில் பக்கம் பளபளப்பாகத் திறக்கும், மின்னஞ்சல் மட்டும் வராது. ஒரு வாரம் கழித்துத்தான் யாருக்காவது உறைக்கும். இருப்புக் கணக்கில் இருக்கும் ஒவ்வொரு பழைய முகவரிக்கும் புது முகவரி எழுதி, பழையதைத் திறப்பவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பம் போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது சோம்பேறி வேலை. மண்டப வாடகையைத் தேடி வந்தவர் கோபுரப் படத்தின் முன் நிற்பார். இந்தத் திருப்பங்கள் குறைந்தது ஓராண்டு இருக்கவேண்டும், அச்சிட்ட மலரில் உள்ளவை எப்போதும் இருக்கவேண்டும். வேர்ட்பிரஸில் கட்டும்போது தேடுபொறிகள் பார்க்கவேண்டாம் என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள். தளம் திறந்த அன்றே அது எடுக்கப்பட்டதா என்று நீங்களே பாருங்கள். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் தருவதாக இருந்தால் ஆயுள் அதிகம் போனால் 90 நாள்தான். தானாகப் புதுப்பிக்கிறதா என்று மூன்றாம் மாதம் ஒருமுறை சோதிக்கவேண்டும்.

விற்பனையாளருக்குப் பணம் மூன்று தவணையாகப் போகட்டும்: பக்கப் பட்டியலை ஒப்புக்கொண்டதும் ஒன்று, தமிழ் வாசகம் முழுவதும் ஏறியதும் ஒன்று, மாற்றி 30 நாள் கழித்துக் கடைசி. சாவி ஒப்படைப்பு கடைசித் தவணையோடு கட்டப்பட்டிருக்கவேண்டும். டொமேன், சேவையகம், நிர்வாகக் கணக்கு, வரைபடப் பக்கம், சர்ச் கன்சோல் ஐந்தின் கடவுச்சொற்களும் இரண்டு உறைகளில், ஒன்று செயலாளரிடம், ஒன்று ஆலயப் பெட்டகத்தில்.

ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பத்தான் போகிறீர்கள். புதுச் செயற்குழுப் பட்டியலும் தணிக்கைக் கணக்கும் அதற்காகத் தயாராகும் அதே வாரத்தில் அகப்பக்கத்தின் நிர்வாகப் பக்கத்தையும் மாற்றிவிடலாம், கடவுச்சொற்களையும் மாற்றிவிடலாம். கூட்டக் குறிப்பில் இப்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "அகப்பக்கச் சாவிகள் ஐந்தும் பழைய செயலாளரிடமிருந்து புதிய செயலாளரிடம் ஒப்படைக்கப்பட்டன; இருவரும் கையொப்பமிட்டனர்."